அப்பாவுக்கு டயாலிசிஸ், மகனுக்கு வயிறு: சேலத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்தில் கொலுசுப் பட்டறை நடத்தும் 42 வயதுக்காரர் ஒருவரின் வயிற்றுக் கோளாறுதான் இந்த ஆய்வின் பொருள். அவருடைய அப்பாவின் சிறுநீரகம் செயலிழந்த காலத்தில் தொடங்கிய அந்தக் கோளாறு, அப்பாவின் நோயோடு சேர்ந்தே வளர்ந்து, ஒன்றரை ஆண்டு அவரை ஆட்டிவைத்தது. நான் மருந்தாளுநர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அவரும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து நண்பர்கள். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவரும் அவர் மனைவியும் படித்துப் பார்த்துத் திருத்தங்கள் சொன்னார்கள். பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன்.

நண்பர்கள் துணை இருந்தால் பாதி நோய் பறந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த மாதிரியான துணை என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இவருக்கு வந்த உதவிகளில் சில அவருடைய வயிற்றை மேலும் கெடுத்தன; சில மனத்துக்கு இதமாக இருந்ததோடு சரி; ஒருசில மட்டும் உண்மையாகவே வேலை செய்தன. அந்த ஒருசில எவை என்பதை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

அப்பாவுக்கு வயது 69. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை. அது சிறுநீரகத்தைத் தின்றுகொண்டே வந்து, கடைசியில் டயாலிசிஸ் தவிர வேறு வழியில்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு அடங்கிவிட்டது. ஆனால் போக வர, காத்திருக்க, கூட உட்கார ஆகும் நேரத்துக்கு எந்தக் காப்பீடும் கிடையாது. காலை ஆறரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மதியம் ஒன்றரை, இரண்டு ஆகும். அவர் ஒரே மகன். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. மனைவி வீட்டையும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளையும் பார்த்துக்கொண்டு, பட்டறைக் கணக்கையும் எழுதுகிறார்.

பட்டறையில் ஆறு பேர் வேலை. கொலுசுத் தொழிலில் வெள்ளி கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் எடை பார்க்க வேண்டும். உருக்கிக் கம்பி இழுத்து, பொடி வைத்துப் பற்றவைத்து, மெருகு போட்டு முடியும் வரை, கொடுத்த வெள்ளிக்கும் வந்த கொலுசுக்கும் சேதாரம் போகக் கணக்கு நேராக வேண்டும். முதலாளி இல்லாத அரை நாளில் அந்தக் கணக்கு இடறும். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது பட்டறை நினைப்பும், பட்டறையில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா நினைப்புமாக அவர் இரண்டு இடத்திலும் இல்லாமல் இருந்தார்.

இதற்குமேல் இன்னொன்று. அவருடைய பெரியப்பா பெருங்குடல் புற்றுநோயில் இறந்தவர். அதுவும் ஆரம்பத்தில் ‘வெறும் வாயு’ என்றுதான் சொல்லப்பட்டது. வீட்டில் அந்தக் கதையை அவர் எத்தனையோ முறை கேட்டு வளர்ந்திருக்கிறார்.

வயிறு

டயாலிசிஸ் தொடங்கிய இரண்டாம் மாதமே காலையில் வயிறு கலக்க ஆரம்பித்தது. எழுந்ததிலிருந்து கிளம்புவதற்குள் மூன்று நான்கு முறை வெளிக்குப் போவார். முதல் முறை சரியாக இருக்கும், அடுத்தடுத்து நீர்த்துப்போகும். போனால் வலி கொஞ்சம் தணியும். கால் மணி நேரத்தில் மறுபடியும் அடிவயிற்றைப் பிசையும். மாலையில் உப்புசம், புளித்த ஏப்பம், இரண்டு வாய் சாப்பிட்டதும் நெஞ்சுவரை நிறைந்துவிட்ட உணர்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் எதுவும் இல்லை. இரவுத் தூக்கத்தில் ஒருநாளும் வயிறு எழுப்பியதில்லை. இந்த இரண்டு விவரங்களும் பிறகு டாக்டருக்கு மிகவும் பயன்பட்டன.

பயத்தில் அவர் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சாப்பிட்டால்தானே வயிறு கலக்கும் என்பது அவர் கணக்கு. பதிலுக்குப் பட்டறையில் மணிக்கொரு டீ. பஸ்ஸில் போவதை விட்டார். எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்வார். நண்பர்களோடு மாலையில் தட்டுவடை செட் சாப்பிடப் போகும் பழக்கமும் நின்றது. எட்டு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கிவிட்டார். இளைத்ததைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாவின் கடைசி நாள் முகம் நினைவுக்கு வந்து வயிற்றில் புளியைக் கரைத்தது என்றார். அந்தப் பயம் மறுநாள் காலை வயிற்றை இன்னும் மோசமாக்கும்.

ஊரில் வயிற்றுக் கோளாறுக்கு வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது. ஒருவர் குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடும் பாட்டியிடம் அழைத்துப் போனார். இன்னொருவர் தொக்கம் எடுக்கச் சொன்னார், அதாவது உள்ளே சிக்கியிருக்கும் சாப்பாட்டை வெளியே எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம். ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர் இவற்றால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ‘வயிற்றைச் சுத்தம் செய்யும்’ என்று ஒரு நலம்விரும்பி தினமும் இரவில் கடுக்காய்ப் பொடி சாப்பிட வைத்தாரே, அதுதான் கொடுமை. கடுக்காய் மலமிளக்கி. ஏற்கெனவே நான்கு முறை போகிறவருக்கு அதைக் கொடுத்தால் ஏழு முறை போவார், போனார். அன்பில் குறையில்லை. ஆனால் என்ன கோளாறு என்று தெரியாமல் கொடுக்கப்படும் மருந்துக்கு அன்பு ஈடாகாது. இன்னொரு கடையிலிருந்து வாங்கிய பேன்டோபிரசோல் மாத்திரைகளும் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை நெஞ்செரிச்சலுக்கும் புண்ணுக்கும் நல்ல மருந்து. பெருங்குடல் கலக்கத்துக்கு அது பதில் இல்லை. ஆண்டுக்கணக்கில் காரணமின்றிச் சாப்பிட்டால் பி12, மெக்னீசியம் குறையவும் கூடும்.

பரிசோதனை

விஷயம் முழுவதையும் அவர் என்னிடம் சொன்னது கடையைப் பூட்டும் நேரத்தில். எடை குறைந்ததையும் பெரியப்பா கதையையும் கேட்டதும் நான் வேறு எதுவும் பேசவில்லை. “மாப்பிள்ளை, இது மாத்திரை கேட்டு வாங்கிப் போகிற விஷயம் இல்லை. டாக்டரைப் பார்க்காமல் இனி ஒரு பொடியும் வேண்டாம்” என்றேன். மறுவாரமே எங்கள் ஆசிரிய நண்பர் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரைக் குடல் சிறப்பு மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

தானாக எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், 45, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ‘டென்ஷன்தான்’ என்று ஒதுக்கக் கூடாது. இவருக்கு இரண்டு பொருந்தின. ரத்தப் பரிசோதனைகள், தைராய்டு, கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை, குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் மலப் பரிசோதனை, கடைசியாகக் குழாய்க் கேமரா செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. எல்லாமே சரியாக இருந்தன. எடை குறைந்ததற்குக் காரணம் சாப்பாட்டைக் குறைத்தது.

டாக்டர் சொன்ன நோய் ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome, எரிச்சலுறும் குடல் நோய்). குடலின் அமைப்பில் கோளாறு இல்லை, இயக்கத்திலும் உணர்விலும்தான் கோளாறு. இந்த நோயை உறுதிசெய்ய டாக்டர்கள் பயன்படுத்தும், 2016இல் வெளியான ரோம் அளவுகோல்களின்படி, கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு, போகும் தடவைகளில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இவருக்கு மூன்றும் பொருந்தின.

“அப்படியென்றால் எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனப்பிரமை என்கிறாரா?” என்று வெளியே வந்ததும் கேட்டாராம். இந்த நோயாளிகள் எல்லோருக்கும் விழும் அடி இது. ஆசிரிய நண்பர் அவரை மறுபடியும் உள்ளே அழைத்துப்போய் அதே கேள்வியை டாக்டரிடமே கேட்க வைத்தார். அவர் செய்த பேருதவி என்று இதைத்தான் சொல்வேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். குடலின் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் அதிகமான நரம்பணுக்கள் கொண்ட தனி வலைப்பின்னல் இருக்கிறது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற பொருளில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான். மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. பதற்றத்தில் சுரக்கும் பொருள்கள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பெருங்குடலை விரட்டும். மேலே சாப்பாடு இறங்காமல் நிற்பதும் கீழே அவசரம் பிடுங்குவதும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் வருவது அதனால்தான். வலி உண்மை. நரம்பு அதைக் கூடுதலாக உணர்கிறது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1822இல் துப்பாக்கிக் குண்டடியால் வயிற்றில் ஆறாத துளை விழுந்த அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் இரைப்பையை, அமெரிக்க ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் ஆண்டுக்கணக்கில் அந்தத் துளை வழியாகவே பார்த்துக் குறிப்பெழுதினார். கோபப்பட்டால் செரிமானம் மாறுவதை அவர் அப்போதே பதிவு செய்திருக்கிறார். இதைச் சொன்னபோது எங்கள் நண்பரின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அவர் கையால் உலோகத்தோடு வேலை செய்கிறவர். கண்ணால் பார்த்தார்கள் என்றால்தான் நம்புவார்.

பங்கு போட்ட வேலைகள்

நாங்கள் நான்கு பேர்: நான், ஆசிரியர், குகைப் பகுதியில் ஆட்டோ ஓட்டுபவர், ஏற்காட்டில் காபித் தோட்டமொன்றில் கணக்கெழுதுபவர். ஞாயிறு காலை ஆசிரியர் வீட்டில் உட்கார்ந்தோம். ‘என்ன உதவி வேண்டுமானாலும் கேள்’ என்று அதுவரை எல்லோருமே அவரிடம் சொல்லியிருந்தோம். அவர் எதையும் கேட்டதில்லை. யாரும் கேட்க மாட்டார்கள். எனவே ஆசிரியர் ஒரு தாளை எடுத்து, வாரத்தின் ஏழு நாளுக்கும் அவர் செய்யும் வேலைகளை அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதினார். தாள் இரண்டு பக்கமும் நிறைந்தது. எழுதி முடித்ததும் அவர் மனைவி அதை எடுத்துப் படித்துவிட்டு, “இவ்வளவும் இவர் செய்கிறார் என்று எனக்கே தெரியாது அண்ணா” என்றார்.

வியாழக்கிழமை டயாலிசிஸ் ஆட்டோ நண்பருடையதாயிற்று. அழைத்துப் போவது, கூட இருப்பது, அழைத்து வருவது எல்லாம் அவர்தான். எரிவாயுச் செலவை மட்டும் கட்டாயமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தோம். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் நன்றிக்கடன் சுமையாகி, ஒரு மாதத்தில் ‘வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லியிருப்பார். சனிக்கிழமைகளில் முடிந்தபோது ஆசிரியர். செவ்வாய் மட்டும் மகன். மருந்துகள், மருந்துச் சீட்டுகள், பரிசோதனை அறிக்கைகள் ஒரே கோப்பில் என் பொறுப்பு. எந்த மாத்திரை எப்போது தீரும் என்று நானே பார்த்து அனுப்பிவிடுவேன்.

வியாழக்கிழமை காலை அவர் வயிறு கலங்குவது இரண்டாவது மாதத்திலேயே பாதியாகக் குறைந்தது. ஆறுதல் வார்த்தை ஆயிரம் சொல்லி ஆகாதது இது.

இன்னொரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்காக அப்பாவின் இடது கையில் ரத்தநாளங்களை இணைத்து ஃபிஸ்டுலா செய்திருந்தார்கள். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே ‘ஜிர்’ என்று ஓர் அதிர்வு தெரியும். அதிர்வு இருந்தால் ரத்தம் ஓடுகிறது. நின்றுபோனால் அடைத்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மகன் இரவில் அலாரம் வைத்து எழுந்து எழுந்து தொட்டுப் பார்த்திருக்கிறார். அப்பா தூங்கும்போது பக்கத்தில் மண்டியிட்டு, விரலை வைத்து, அதிர்வு தெரியும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாராம். தெரிந்ததும் படுப்பார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும்.

ஆட்டோ நண்பர் முதல் வியாழக்கிழமையே டயாலிசிஸ் பிரிவுச் செவிலியரிடம் இதைச் சொன்னார். அந்தச் செவிலியர் அப்பாவுக்கே கற்றுக்கொடுத்தார். காலை எழுந்ததும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை வலது கை விரல்களை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ யாரையும் விடக் கூடாது. அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. பெரியவர் ஆர்வமாகக் கற்றுக்கொண்டார். அன்றிரவு மகன் வந்து நின்றபோது, “என் கையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படு” என்றாராம். நோயாளியை ஒன்றும் தெரியாத குழந்தையாக்கி எல்லாவற்றையும் நம் தலையில் தூக்கிப்போட்டுக்கொள்வதைப் பாசம் என்று நினைக்கிறோம். பெரியவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது அன்றுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

இரவில் செல்போனில் நோய்களைத் தேடிப் படிப்பது அடுத்த சிக்கல். கொலனோஸ்கோப்பி சரியாக இருந்த பிறகும், ‘சிறு கட்டி அதில் தெரியாமல் போயிருக்கலாமா?’ என்று நள்ளிரவில் எனக்குச் செய்தி வரும். பதில் சொன்னால் ஒரு மணி நேரம் நிம்மதி; அப்புறம் அதே கேள்வி வேறு உருவில். உறுதிமொழி கேட்டுக்கொண்டே இருக்கும் பயத்துக்கு உறுதிமொழியே தீனி. எனவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம்: ஒரு கேள்விக்கு ஒரு முறைதான் பதில். மறுபடியும் தோன்றினால் குறிப்பேட்டில் எழுதி அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டும். முதல் வாரங்களில் இது அவருக்கும் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நெருங்கிய நண்பன் பயந்து கேட்கும்போது ‘எழுதிவை’ என்று மட்டும் சொல்ல மனம் வராது. ஆனால் டாக்டரிடம் போகும் நாளில் அந்தப் பட்டியலில் முக்கால்வாசிக் கேள்விகளை அவரே அடித்திருந்தார். தூக்கமே பிடிக்காத சில இரவுகளில் அரசின் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழில் பேசியிருக்கிறார். அதை அவர் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை.

சமையலறை

அந்த வீட்டு அடுப்பில் மூன்று சமையல் நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு உப்பு குறைத்து, பொட்டாசியத்தைக் குறைக்கக் காய்களைப் பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துச் செய்வது. மகளுக்கு வழக்கமான சாப்பாடு. இவருக்கு யாராவது சொன்ன பத்தியம். இளநீர், வாழைப்பழம், கீரை அப்பாவுக்கு ஆகாது, அதனால் இவரும் தொட மாட்டார். மகனுக்கு அவற்றால் தீங்கில்லை என்றாலும், ‘அப்பா பார்க்க நான் எப்படிச் சாப்பிடுவது’ என்பார்.

டாக்டர் அனுப்பிய உணவியல் ஆலோசகர் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறையைச் சொன்னார். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்து வாயுவை உண்டாக்கும் சர்க்கரை வகைகளைச் சில வாரங்கள் குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது தொந்தரவு என்று கண்டுபிடிப்பது. சின்ன வெங்காயமும் பூண்டும் துவரம்பருப்பும் இல்லாமல் சேலத்தில் சாம்பார் ஏது? ஆனாலும் அரிசிக்குத் தடையில்லை, இட்லிக்குத் தடையில்லை. வெங்காயத்துக்குப் பதில் பெருங்காயம், கேரட், பீன்ஸ், அளவாகப் பாசிப்பருப்பு என்று அவர் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தார். வடித்த காயில் அப்பாவுக்கும், அதே காயில் உப்பும் காரமும் கூட்டி மற்றவர்களுக்கும் என்று மூன்று சமையல் ஒன்றரைச் சமையலாகக் குறைந்தது.

குறிப்பேட்டில் சாப்பிட்டதையும் வயிற்றின் நிலையையும் எழுதினார். மலத்தின் தன்மையைச் சொற்களால் எழுதக் கூச்சமாக இருந்ததால், 1997 முதல் உலகெங்கும் டாக்டர்கள் பயன்படுத்தும் ஏழு வகைப் பிரிஸ்டல் அட்டவணையின் எண்ணை மட்டும் குறித்தார் (1 என்றால் மிகக் கெட்டி, 7 என்றால் வெறும் நீர்). டயாலிசிஸ் நாள்களில் 6, ஞாயிறுகளில் 4. குறிப்பேட்டைப் புரட்டியபோது எனக்கு ஒன்று கண்ணில் பட்டது: ‘மிட்டாய் 3’, ‘மிட்டாய் 5’. என்ன மிட்டாய் என்று கேட்டேன். சர்க்கரைக்காரரான அப்பாவுக்கு உறவினர்கள் வாங்கிவந்து அவர் தொடாமல் வைத்திருந்த சர்க்கரையில்லா மிட்டாய். டீக்குப் பதிலாக இவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் சார்பிட்டால், மால்டிட்டால். இரண்டுமே அதிகம் போனால் எவருக்கும் வயிற்றைக் கலக்கக்கூடிய இனிப்புகள். மறுநாளே நிறுத்தினார்.

திரும்பச் சேர்க்கும் கட்டத்தில் பருப்பு அளவோடு ஒத்துக்கொண்டது, தாளித்த பூண்டு ஒத்துக்கொண்டது. பச்சை வெங்காயம் ஒத்துக்கொள்ளவில்லை. மாம்பழத்தில் ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம். மல்கோவா பருவத்தில் ஒரே வேளையில் இரண்டு பழம் சாப்பிடுகிறவர் நாலைந்து துண்டோடு நிறுத்திக்கொண்டார். டீ இரண்டானது. காலைச் சாப்பாடு திரும்ப வந்தது. சாப்பிட்டதும் பெருங்குடல் அசைவது எல்லோருக்கும் இயல்பு. காலையில் அது இன்னும் வலுவாக இருக்கும். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே சாப்பிட்டு, அவசரமில்லாமல் ஒரு முறை போய்வர நேரம் வைத்துக்கொண்டால் போதும்.

எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது தட்டுவடை செட் விஷயம். தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு சட்னி வைத்துக் கொடுப்பார்கள். ஆட்டோ நண்பர் கடைக்கார அம்மாவிடம் முன்கூட்டியே பேசி, வெங்காயம் இல்லாமல், கேரட் மட்டும் வைத்து, பச்சைச் சட்னியை லேசாகத் தடவி ஒரு செட் தயார் செய்ய வைத்தார். நாங்கள் எல்லோரும் அதையே வாங்கினோம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் எங்களோடு நின்று சாப்பிட்டார்.

மாத்திரை

டாக்டர் இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதியிருந்தார். இது மனச்சோர்வு மருந்து என்று செல்போனில் படித்துவிட்டு இரண்டே நாளில் நிறுத்திவிட்டார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைப்போல் பல மடங்கு. இந்தச் சிறு அளவு குடல் நரம்புகளின் கூடுதல் உணர்ச்சியையும் வேகத்தையும் தணிக்கவே என்று விளக்கினேன். இங்கிலாந்தில் 463 நோயாளிகளிடம் ஆறு மாதம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், 10 முதல் 30 மில்லிகிராம் வரையிலான குறைந்த அளவில் இதே மருந்து, மருந்தில்லாப் போலி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. வாய் உலர்வது, காலையில் லேசான மந்தம் ஆகியவை வரலாம் என்பதையும் சொன்னேன். டாக்டரிடம் மறுபடியும் பேசிவிட்டுத் தொடங்கினார். இது சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடும் மருந்தல்ல. இருதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் வேறு சில மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது.

ஏற்காட்டு ரோடு

மிச்சமிருந்தது பயணப் பயம். ஏற்காட்டு நண்பரின் வீட்டுக்கு அவர் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் அவசரம் என்றால் என்ன செய்வது? அந்த எண்ணமே அவருக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏற்காட்டு நண்பர் தன் கையால் ஒரு தாளில் எழுதி அனுப்பினார்: அடிவாரத்தில் கழிப்பறை எங்கே, வண்டியை ஒதுக்கி நிறுத்த இடமுள்ள வளைவுகள் எவை, மேலே ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்கு அருகே யாருடைய கடையில் கேட்கலாம். நாங்கள் காரில் போனோம். முன்சீட்டில் அவர். எங்கே சொன்னாலும் நிறுத்துவோம், ஏன் என்று கேட்க மாட்டோம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

ஏழாவது வளைவு தாண்டியதும் “நிறுத்து” என்றார். நிறுத்தினோம். இறங்கித் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. சட்டைப்பையில் டாக்டர் அனுமதித்த, வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை இருந்தது. அதைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டார், போடவில்லை. ஆசிரியர் பக்கத்தில் போய் நின்று, கீழே தெரியும் ஊரில் எது எந்தப் பகுதி என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். வலி அலை போல ஏறி, ஒரு கட்டத்தில் நின்று, தானாகவே இறங்கிவிட்டது. வெளிக்குப் போகாமலே இறங்கியது. அவர் திரும்பி எங்களைப் பார்த்து, “போய்விட்டதடா” என்றார். அதுவரை அவசரம் வந்தால் ஓடியே தீர வேண்டும் என்று நினைத்தவர், காத்திருந்தாலும் அது தணியும் என்று முதல்முறையாகத் தன் உடம்பிலேயே பார்த்தார். மாத்திரையைத் திரும்பப் பையில் போட்டார். மேலே போய் மதியம் நன்றாகச் சாப்பிட்டார். இறங்கும்போது எங்கும் நிறுத்தச் சொல்லவில்லை.

இன்றைய நிலை

இப்போது எடை நான்கு கிலோ திரும்பியிருக்கிறது. செவ்வாய் காலைகளில் இன்னும் வயிறு கலங்கும், ஒன்றிரண்டு முறையோடு நிற்கும். அப்பாவுக்கு ஒருமுறை டயாலிசிஸின் நடுவே ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வந்தபோது, இவருக்குப் பத்து நாள் பழைய தொல்லை முழுதாகத் திரும்பியது, பிறகு அடங்கியது. ஐ.பி.எஸ். இப்படித்தான் ஏறி இறங்கும்.

எது குணப்படுத்தியது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மாத்திரை, உணவு, மிட்டாயை நிறுத்தியது, வேலைப் பங்கீடு எல்லாம் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து வந்தவை. ஒரு ஆளின் கதையை வைத்து விதி வகுக்கவும் கூடாது. ஆனால் குறிப்பேட்டின்படி முதலில் இறங்கியது வியாழக்கிழமை எண்கள். அப்போது மாத்திரையும் தொடங்கவில்லை, உணவையும் மாற்றவில்லை.

அவர் மனைவி படித்துப் பார்த்துச் சேர்க்கச் சொன்ன ஒன்று உண்டு. எல்லோரும் கணவரையும் மாமனாரையும் விசாரித்தார்களே தவிர, இரண்டு நோயாளிகளுக்கும் சமைத்த தன்னைக் கேட்க ஆள் இல்லாமல் போனது என்றார். நியாயமான பேச்சு. ஆசிரியரின் மனைவி இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அந்த வீட்டில் இருந்து அம்மாவையும் மகளையும் பார்த்துக்கொள்கிறார்; அந்த நாள்களில் பட்டறைக்காரரின் மனைவி தாய்வீட்டுக்குப் போய்வருகிறார்.

ஆட்டோ நண்பரின் அம்மாவுக்குச் சென்ற மாதம் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. வியாழக்கிழமை முறையை மாற்ற வேண்டியிருந்தது. தாளை எடுத்து மாற்றி எழுதியவர் பட்டறைக்காரர்தான். அம்மாவின் கண்ணுக்கு மணிக்கணக்கு வைத்துச் சொட்டுமருந்து விடும் பொறுப்பில் மாலை வேளையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார்.